பொதிகளும் இடையாட்களும்: லினக்ஸ் வழங்கல்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

'எந்தப் பேக்கேஜ் மேனேஜர் நல்லது?' என்கிற கேள்வி, லினக்ஸுக்கு மாறுகிற எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. பதில்களும் தயாராகவே கிடக்கின்றன. இது வேகம், அது எளிது, இதில் பொதிகள் அதிகம், அதில் கட்டளைகள் குறைவு. மிக்ஸி வாங்கப் போகிறவருக்குக் கடைக்காரர் சொல்கிற மாதிரி. இந்த ஒப்பீடுகள் பொய் என்று சொல்ல வரவில்லை. கேள்வியை ஒரு நுகர்பொருள் சார்ந்த கேள்வியாகச் சுருக்கிவிட்ட பிறகுதான் இவை சாத்தியமாகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். முப்பதாண்டு வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் வேறொன்று தட்டுப்படுகிறது. நிரலை எழுதுகிறவருக்கும் அதைப் பயன்படுத்துகிறவருக்கும் நடுவில் யார் நிற்பது, எந்த உரிமையில் நிற்பது, நிற்கிறவரை யாரு கேள்வி கேட்பது என்பது பற்றிய ஓர் ஏற்பாடாகவே பேக்கேஜ் மேனேஜர் இருந்து வந்திருக்கிறது.

பொதி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். எந்த நிரலும் தனியாக நிற்பதில்லை. எழுத்தைத் திரையில் வரைய ஒரு நிரலகம், கோப்பைச் சுருக்க ஒன்று, தகவலை மறையாக்கம் செய்ய ஒன்று என்று பிறர் எழுதிவைத்த பத்து நிரலகங்களின் தோளில் ஏறித்தான் அது நிற்கிறது. அந்தப் பத்தும் வேறு பத்தின் மேல் நிற்கும். இவற்றைச் சார்புகள் என்கிறார்கள். நிரல், அதன் சார்புகளின் பட்டியல், நிறுவும்போது செய்யவேண்டிய வேலைகள் இவற்றை ஒரே கோப்பாகக் கட்டினால் அது பொதி. களஞ்சியத்திலிருந்து பொதியை எடுத்துவந்து, சார்புகளைத் தேடிச் சேர்த்து, நிறுவி, அவ்வப்போது புதுப்பித்து, வேண்டாதபோது நீக்குவது பேக்கேஜ் மேனேஜரின் வேலை. கேட்பதற்குக் குமாஸ்தா வேலை போலத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கமான ஒரு பொதியை நிறுவுகிற அந்தச் சில விநாடிகளில், அதற்குள் இருக்கும் கட்டளைகள் கணினியின் உச்ச அதிகாரத்தோடு ஓடுகின்றன. எந்தக் கோப்பையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம். தொழிற்சங்க அலுவலகத்தின் உறுப்பினர் பட்டியல் இருக்கிற கணினியிலும் இதே கதைதான். உண்மையறியும் குழுவின் வாக்குமூலங்கள் இருக்கிற கணினியிலும் இதே கதைதான். அந்தச் சில விநாடிகளை யார் கையில் கொடுக்கிறோம்?

*

1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது கெர்னலை மட்டுந்தான். சுற்றிலும் வேண்டிய மற்றவற்றில் பெரும்பகுதி, 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வந்தது. இரண்டையும் பொருத்தி ஓடுகிற ஒரு கணினியாக ஆக்குவது அவரவர் பாடு. மூல நிரலைக் கொண்டுவந்து, பிரித்து, கம்பைல் பண்ணி, எது இல்லையென்று கணினி முரண்டுபிடிக்கிறதோ அதைத் தேடி மறுபடி அலைய வேண்டும். எழுதியவரும் பயன்படுத்துபவரும் நேருக்கு நேர் நின்ற காலம் இது. சிலர் இதைப் பொற்காலம் என்பார்கள். நாளெல்லாம் இதற்கே செலவிட முடிந்தவர்களுக்கு அது பொற்காலமாக இருந்திருக்கலாம்.

1992இல் பீட்டர் மெக்டொனால்ட் எஸ்எல்எஸ் என்ற தொகுப்பைக் கொடுத்தார். அதன் குறைகளைச் சரிசெய்யப் புகுந்து 1993இல் பேட்ரிக் வோல்கர்டிங் கொடுத்தது ஸ்லாக்வேர். ஸ்லாக்வேரின் பொதிக்கருவி சார்புகளைப் பார்ப்பதே இல்லை. அன்றைக்கும் இல்லை, 2022இல் வந்த 15.0 பதிப்பிலும் இல்லை. உன் கணினி, உன் பொறுப்பு என்பது அதன் நிலைப்பாடு. பிடிவாதம்தான். ஆனால் நேர்மையான பிடிவாதம்.

அதே 1993 ஆகஸ்டில், பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக், எஸ்எல்எஸ் மீதான அதிருப்தியிலிருந்து டெபியனை அறிவித்தார். டெப்ரா என்ற தோழியின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. அவர் எழுதிய டெபியன் அறிக்கையில் கருவி பற்றிய பேச்சு குறைவு. ஒரு வழங்கலை யார் உருவாக்க வேண்டும், திறந்த முறையில் எப்படி உருவாக்க வேண்டும் என்பதே அதன் அக்கறை. டிபிகேஜி என்கிற கருவி 1994இல் சாதாரண ஷெல் நிரலாக ஆரம்பித்து, பெர்லுக்கு மாறி, அதே ஆண்டில் இயன் ஜாக்சன் கையில் சி மொழிக்கு வந்தது.

டெபியனின் உண்மையான கண்டுபிடிப்பு அந்தக் கருவி இல்லை. ஒவ்வொரு பொதிக்கும் பெயர் சொல்லி ஒரு பராமரிப்பாளர். அவர் நிரலை எழுதியவர் அல்லர், எழுதியவரிடமிருந்து வாங்கி, பார்த்து, திருத்தி, கட்டி, களஞ்சியத்தில் வைப்பவர். எல்லாப் பொதிகளையும் கட்டுப்படுத்துகிற கொள்கை ஆவணம் ஒன்று: எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும், பயனர் கைப்பட மாற்றிய அமைப்புக் கோப்பைப் புதுப்பிக்கும்போது என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பக்கம் பக்கமாக. புரூஸ் பெரன்ஸ் தலைமையேற்றிருந்த 1997இல் சமூக ஒப்பந்தம். 1998இல் அரசியல் சட்டம், ஆண்டுதோறும் தலைவர் தேர்தல். ஒரு மென்பொருள் திட்டத்துக்கு அரசியல் சட்டம் எதற்கு என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. சமூக ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்த சுதந்திர மென்பொருள் வரையறைதான், சில மாற்றங்களோடு, 1998இல் 'ஓப்பன் சோர்ஸ்' என்பதன் வரையறையாகவும் ஆனது.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தப் பராமரிப்பாளர் புதிய ஆள் இல்லை. பத்திரிகை ஆசிரியர்தான் இவர். படைப்பாளிக்கும் வாசகருக்கும் நடுவே நின்று, சிலதைத் திருப்பி அனுப்பி, சிலதை வெட்டி, சிலதில் எழுத்துப்பிழை பார்த்து, தன் பத்திரிகையின் முகத்துக்கு ஏற்றவாறு போடுகிறவர். படைப்பாளி இறந்துவிட்டான் என்று தமிழில் நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், படைப்பாளிக்கும் வாசகருக்கும் நடுவில் இருக்கிற இந்த ஆளுக்கு விதிமுறை எழுத உட்கார்ந்துவிட்டார்கள் அங்கே. நம் விவாதங்களில் இந்த நடு ஆள் அதிகம் பேசப்படவில்லை என்பது இப்போது யோசித்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

*

ரெட் ஹேட் வேறு வழி. மார்க் யூயிங் தொடங்கி, பாப் யங் வணிகமாக்கிய நிறுவனம். 1995இல் யூயிங்கும் எரிக் டிரோனும் உருவாக்கிய ஆர்பிஎம், தொழில்நுட்ப அளவில் டெபியனின் டெப் பொதிக்குச் சளைத்ததல்ல. எழுதியவரின் மூல நிரலைத் தொடாமல் அப்படியே வைத்து, தங்கள் திருத்தங்களைத் தனியாக அடுக்குவது என்கிற நல்ல ஒழுங்கு அதில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. சூஸே, மாண்ட்ரேக், கால்டெரா என்று பலரும் அதை எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது வடிவத்தை மட்டும்; பொதுவான கொள்கையை எடுக்கவில்லை. ஆளுக்கொரு பெயரிடல், ஆளுக்கொரு கோப்பு இடம். ஒருவர் கட்டிய ஆர்பிஎம் இன்னொருவர் கணினியில் போடப் போனால் அது இல்லை, இது இல்லை என்று ஆரம்பித்து, அதைத் தேடிப் போட்டால் ஏற்கெனவே இருந்தது உடைந்து... 'ஆர்பிஎம் நரகம்' என்றே இதற்குப் பெயர் விழுந்தது. வடிவம் ஒன்று, உடன்பாடு இல்லை. நரகம் அங்கேதான் இருந்தது.

டெபியன் பக்கம் 1998இல் உருவாகி, 1999 மார்ச்சில் 2.1 பதிப்போடு வந்த ஆப்ட், சார்புகளைத் தானே தேடிக் களஞ்சியத்திலிருந்து இழுத்து வந்தது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் ஆப்ட் செய்த மாயத்தில் பாதி, கொள்கை ஆவணம் ஏற்கெனவே செய்துவைத்த வேலை என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆர்பிஎம் பக்கத்துக்கு விடிவு எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமானது. பிரேசிலின் குரிசிபா நகரத்து கொனெக்டிவா நிறுவனம் ஆப்ட்டை ஆர்பிஎம்முக்குக் கொண்டுவந்தது. சினாப்டிக் என்ற, இன்றும் பலர் பயன்படுத்துகிற வரைகலை முகப்பும் அங்கே பிறந்ததுதான். டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சேத் விடாலும் மைக்கேல் ஸ்டென்னரும், யெல்லோ டாக் என்ற வழங்கலின் கருவியை எடுத்துத் திருத்தி யம் என்பதை உருவாக்கினார்கள். ரெட் ஹேட் பின்னால் அதைத் தனதாக்கிக்கொண்டது. 2015இல் ஃபெடோரா 22 வந்தபோது யம்மின் இடத்தில் டிஎன்எஃப் உட்கார்ந்தது. மையத்தில் உள்ள நிறுவனத்தின் சிக்கலை விளிம்பில் இருந்தவர்கள் தீர்த்து வைப்பது இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கொனெக்டிவா 2005இல் மாண்ட்ரேக்கோடு இணைந்து பெயரே இல்லாமல் போயிற்று.

*

இடையாளின் கை எவ்வளவு தூரம் நீளலாம்? மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஃபயர்ஃபாக்ஸ் நிரலில் டெபியன் செய்த திருத்தங்களுக்குத் தங்கள் ஒப்புதல் வேண்டும், இல்லையேல் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2006இல் மொஸில்லா சொன்னது. டெபியன் பணியவில்லை. ஐஸ்வீசல் என்று பெயரை மாற்றி வெளியிட்டது. பத்தாண்டு கழித்து 2016இல்தான் பழைய பெயர் திரும்பியது. பிரதியைத் திருத்தலாம், ஆசிரியன் பெயரைத் தொடக் கூடாது! இதை வைத்தே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். அதே 2016இல், எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிய ஜேமி ஸவின்ஸ்கி, என் நிரலின் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு எனக்குத் தலைவலி கொடுக்காதீர்கள், புதுப்பியுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள் என்று டெபியனிடம் சீறினார். நிலையான பதிப்பு என்று இடையாள் பெருமைப்படுவது, எழுதியவருக்குப் பழைய பிழைகளின் அருங்காட்சியகமாகத் தெரிகிறது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, சிரிப்பதற்கில்லை. ஓப்பன் எஸ்எஸ்எல் மறையாக்க நிரலகத்தில் ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறது என்பதற்காக டெபியனின் பராமரிப்பாளர் 2006இல் நிரலில் சிறு திருத்தம் செய்தார். திருட்டுத்தனமாக அல்ல. நிரலை எழுதுகிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார், யாரும் பலமாகத் தடுக்கவில்லை. அந்தத் திருத்தத்தால், சாவிகளை உருவாக்கும்போது வேண்டிய தற்செயல்தன்மை கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. கணினி எண்ண முடியாத அளவுக்கு இருக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் சுமார் 32 ஆயிரம் என்று சுருங்கின. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே பூட்டைத் திறந்துவிடலாம். 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை, டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் அப்படித்தான் சாவிகள் உருவாகின. இடையாள் வேண்டாம் என்று சொல்பவர்கள் முதலில் எடுத்து வைக்கிற சாட்சி இதுதான். வலுவான சாட்சி.

*

'நடுவில் யாரும் வேண்டாம்' என்ற குரல் அதற்கு முன்பே பல வடிவங்களில் எழுந்துவிட்டது. ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் முறையைப் பார்த்து டேனியல் ராபின்ஸ் உருவாக்கிய ஜென்டூ, 2002இல் 1.0 பதிப்பைத் தொட்டது. எல்லாவற்றையும் உன் கணினியிலேயே கம்பைல் பண்ணிக்கொள் என்றது. அதே ஆண்டில் ஜுட் வினெட் தொடங்கிய ஆர்ச்சும் அதன் பேக்மேனும் எழுதியவர் கொடுத்ததை முடிந்தவரை திருத்தாமல் அப்படியே கொடுப்பது என்றன. ஆர்ச்சின் பயனர் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் பொதிக்குறிப்பை வைக்கலாம், படித்துப் பார்த்து நிறுவுவது உங்கள் பொறுப்பு. எத்தனை பேர் படிக்கிறார்கள்? 2018இலும் 2025இலும் அங்கே நச்சு நிரல்கள் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டன.

2016இல் கெனானிக்கல் நிறுவனம் ஸ்னாப்பைப் பரவலாக்கியது. அதே ஆண்டில் அலெக்சாண்டர் லார்சனின் திட்டம் ஃபிளாட்பேக் என்று பெயர் பெற்றது. இரண்டும் நிரலைச் சார்புகளோடு சேர்த்துக் கட்டி, ஒரு வேலிக்குள் ஓடவிடுகின்றன. இவற்றின் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒரே நிரலைப் பத்து வழங்கல்களுக்குப் பத்து விதமாகக் கட்டுகிற வீண்வேலை போகிறது. எழுதியவர் இன்றைக்கு வெளியிட்டது நாளைக்கே கையில் கிடைக்கிறது. வேலி சரியாகப் போடப்பட்டால் நிரல் உங்கள் எல்லாக் கோப்புகளையும் மேய முடியாது.

ஆனால் இடையாள் ஒழிந்தாரா? ஸ்னாப்பைப் பொறுத்தவரை கடை ஒன்றுதான், அதை நடத்துவது கெனானிக்கல், கடையின் பின்புற நிரல் மூடியது. உபுண்டு 20.04இல் ஆப்ட்டிடம் குரோமியம் கேட்டால், வந்தது ஸ்னாப். ஆப்ட் பொதி வெறும் கூடு. பழைய குமாஸ்தாவிடம் மனுக் கொடுத்தால் அவர் புதிய அலுவலகத்துக்குத் தள்ளிவிடுகிறார், நமக்குச் சொல்லாமலே. இதை எதிர்த்துத்தான் லினக்ஸ் மின்ட் 2020இல் தன் 20ஆம் பதிப்பில் ஸ்னாப் தானாக நுழைவதைத் தடுத்தது. 2018 மே மாதம் ஸ்னாப் கடையில் இருந்த ஒரு விளையாட்டு நிரல், பின்னணியில் மறையீட்டு நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது பிடிபட்டது. டெபியனின் சிடுசிடுப்பான பராமரிப்பாளர் கையைத் தாண்டி இது வந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்க அங்கே பெயரோடு ஓர் ஆள் இருக்கிறார். ஃபிளாட்பேக்கில் யாரும் தனிக் களஞ்சியம் வைக்கலாம் என்பது பெரிய வித்தியாசம். நடைமுறையில் எல்லோரும் ஃபிளாட்ஹப்புக்கே போகிறார்கள் என்பது வேறு.

கருவி அப்படியே இருக்க, ஏற்பாடு மட்டும் கவிழ்வதும் உண்டு. பணம் கொடுக்க முடியாத கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் ரெட் ஹேட்டின் இலவசப் பிரதியாக நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை பராமரிக்கப்படும் என்பது எதிர்பார்ப்பு. ரெட் ஹேட் ஐபிஎம் கைக்குப் போனது 2019இல். 2020 டிசம்பரில், 2021 முடிவோடு சென்ட்ஓஎஸ் 8 முடிந்தது என்று அறிவித்துவிட்டாங்க. டிஎன்எஃப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, வேகமும் குறையவில்லை. 'எந்தப் பேக்கேஜ் மேனேஜர் நல்லது' என்று அட்டவணை போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் இருந்திருக்காது. ராக்கி, அல்மா என்ற வழங்கல்கள் இந்தக் காயத்திலிருந்து பிறந்தவை.

டெபியனிலும் சண்டை உண்டு, கட்சி பிரிந்ததும் உண்டு. ஆனால் மூடிய ஃபர்ம்வேரை நிறுவல் ஊடகத்தில் சேர்ப்பதா என்ற கேள்வி வந்தபோது, 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்தார்கள். தோற்றவர்கள் எதில் தோற்றோம் என்று படித்துப் பார்க்க முடிகிறது. சென்னையில் சி-டாக் உருவாக்கி 2007இல் வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் மீது கட்டப்பட்டதுதான். அரசு முத்திரைக்குக் கீழே கிடப்பது உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் உழைப்பு.

*

2024 மார்ச் 29 அன்று ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளியிட்ட செய்தி, இந்த இடையாள் பிரச்சினையை வேறு இடத்துக்கு நகர்த்தியது. தன் டெபியன் சோதனைக் கணினியில் தொலைவிலிருந்து நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்தவர், எக்ஸ்இஸட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவைக் கண்டார். ஊதியமில்லாமல் ஒருவர் பராமரித்துவந்த நிரல் அது. 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வருகிறார், பொறுமையாக, நல்ல திருத்தங்களோடு. 2022இல் வேறு சில பெயர்கள் வந்து, வேலை நடக்கவே இல்லையே, பொறுப்பைக் கைமாற்று என்று பராமரிப்பவரை நச்சரிக்கின்றன. மெல்ல மெல்ல வெளியிடும் உரிமை ஜியா டான் கைக்கு வருகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்று பொதுவெளியில் இதுவரை நிறுவப்படவில்லை.

நமக்கு முக்கியமான விவரம் இது: அந்தக் கள்ளநிரல், தான் ஒரு டெப் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டப்படுகிறதா என்று பார்த்து, ஆமாம் என்றால் மட்டுமே விழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. தனி ஆள் தன் வீட்டில் கம்பைல் பண்ணினால் அது தூங்கும். தொலைநுழைவு நிரலுக்குள் அது எட்டிப் பார்த்ததும், எழுதியவர்கள் வைக்காத, டெபியனும் ஃபெடோராவும் தாங்களாகச் சேர்த்த ஓர் இணைப்பு வழியாகத்தான். எழுதிய திட்டத்தின் பொதுக் களஞ்சியத்தைப் படித்தவர்களுக்கும் முழுச் சதி தெரிந்திருக்காது. அதை உயிர்ப்பிக்கும் ஒரு துண்டு, வெளியீட்டுக் கட்டில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. பொதிகளின் அரசியலை நம்மில் பெரும்பாலோரைவிடத் தெளிவாகப் படித்தவர் செய்த வேலை. பராமரிப்பாளரை ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை, பராமரிப்பாளருக்கு முன்னால் இருப்பவரைப் பிடித்தால் போதும். டெபியனின் நிலையான பதிப்பில் அப்போது இருந்தது 5.4.1. பழசு, பழசு என்று எல்லோரும் ஏசுகிற அந்தத் தாமதம்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. திட்டமிட்ட காப்பு என்று இதைக் கொண்டாடினால் அது சும்மா பேச்சு. தாமதம் தற்செயலாகக் காப்பாற்றியது, அவ்வளவுதான்.

நடைமுறையில் என்ன செய்வது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இயக்க அலுவலகம், பத்திரிகை மேசை போன்ற இடங்களில் அடிப்படைக்கு டெபியனின் நிலையான பதிப்பு, அதன் ஆப்ட். பக்க வடிவமைப்புக்கோ ஒலிப்பதிவுக்கோ ரொம்பப் புதிய பதிப்பு வேணும் என்கிற ஒன்றிரண்டு நிரல்களை மட்டும் ஃபிளாட்பேக்கில், யார் கட்டியது என்று பார்த்துவிட்டு. எங்கிருந்தோ கிடைத்த கூடுதல் களஞ்சியங்களை வரிசையாகச் சேர்ப்பதை நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றும் உச்ச அதிகாரத்தை இன்னொரு ஆளுக்கு எழுதிக் கொடுப்பது. ஊரில் பத்துப் பேர் ஃபெடோரா வைத்திருந்து, தகராறு வந்தால் அவர்களே ஓடி வருவார்கள் என்றால் ஃபெடோராவே சரி. அந்தப் பத்துப் பேரும் ஏற்பாட்டின் ஒரு பகுதிதான்.

இடையாளை நம்பாமலே சரிபார்ப்பது சாத்தியமா என்ற கேள்வி இன்னொரு மரபில் நடந்துகொண்டிருக்கிறது. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஏல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் முடித்த ஆய்வேட்டின் வழி வளர்ந்த நிக்ஸ், ஒவ்வொரு பொதியையும் அது எவற்றிலிருந்து கட்டப்பட்டதோ அவற்றின் கணிப்பெண்ணோடு சேர்த்துப் பெயரிடுகிறது. ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது உடைவதில்லை, பிடிக்கவில்லையென்றால் நேற்றைக்குத் திரும்பலாம். 2012இல் குனு திட்டத்துக்குள் லுடோவிக் குர்தேஸ் அறிவித்த கீக்ஸ் அதன் உறவு. ஒரே மூல நிரலை இருவர் தனித்தனியே கட்டினால் கடைசி பிட் வரை ஒரே கோப்பு வர வேண்டும் என்ற முயற்சியை டெபியன்காரர்கள் 2013இலிருந்து நடத்துகிறார்கள். வந்தால், களஞ்சியத்தில் இருப்பது சொன்ன நிரல்தான் என்று யாரும் சோதிக்கலாம். எக்ஸ்இஸட் கதவை இது தடுத்திருக்காது, ஏனென்றால் அங்கே நஞ்சு கொடுத்த மூலத்திலேயே இருந்தது. கட்டுகிற கணினியைக் கெடுப்பவர்களை இது காட்டிக்கொடுக்கும்.

கம்பைலரே பொய் சொன்னால் என்ன செய்வது என்று கென் தாம்சன் 1984இல் டூரிங் விருது உரையில் கேட்டார். கீக்ஸ்காரர்கள் 2023இல் அதற்குச் செய்துகாட்டிய பதில் 357 பைட் அளவுள்ள ஒரு விதைக் கோப்பு. அதிலிருந்து சற்றுப் பெரிய கருவி, அதிலிருந்து இன்னொன்று என்று படிப்படியாக ஏறி முழு சி கம்பைலரையும், அதன் மேல் மற்றப் பொதிகளையும் கட்டுகிறார்கள். இதை ஓட்டக் கீழே ஒரு கெர்னலும் இன்னும் சில இயங்கு கோப்புகளும் முன்கூட்டியே வேண்டியிருக்கின்றன. அவற்றை யாரிடமிருந்தோ வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த 357 பைட்டையும் ஒவ்வொன்றாக விளக்கி எழுதி வைத்திருக்கிறார்கள். பொறுமை உள்ளவர் உட்கார்ந்து படித்துவிடலாம்.